உயிர் போச்சு–2

தொடரின் நானூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில் என்னைக் கொன்றார்கள். மாரடைப்பு. மருமகள் நீட்டும் பால் தம்ளரை வாங்கக் கை நீட்டும்போதே சாய்ந்துவிட வேண்டும் என்றார் இயக்குநர்.

"குடிச்சிட்டுச் சாகட்டுமா சார்? சூடா இருக்கு" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

கதைக்குப் புது ரத்தம் தேவையாம். பழைய ரத்தத்தில் முதல் ஆள் நான். மாமனார் வேடத்தைத் தவிர இந்த முகத்துக்கு வேறு வேலை யாரும் கொடுத்ததில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே கேட்டாள்: "செத்தே போயிட்டீங்களா, இல்ல வெளியூருக்கு அனுப்பிட்டாங்களா?"

தொடர் பார்ப்பவள், விவரம் தெரிந்தவள். வெளியூர் போனவர் திரும்பி வரலாம். செத்தவர் சுவரில் படமாகத் தொங்க வேண்டியதுதான். அதற்கு நடிகர் தேவையில்லை, ஆணி போதும்.

எங்கள் தொடருக்கு இசையமைப்பவர் தமக்குத் தாமே 'நாதசாகரம்' என்று பட்டம் கொடுத்துக்கொண்டவர். தொடர், வானொலி நாடகம், சோப்பு விளம்பரம், பிள்ளைகள் கைபேசியில் தட்டும் ஒரு விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் சாகரம் ஒன்றுதான். மொள்ளும் சொம்புதான் வேறு. ஒரே மெட்டை மெதுவாக வாசித்தால் மருமகளின் கண்ணீர், வேகமாக வாசித்தால் சோப்பு நுரை.

அவர் அனுப்பும் துண்டுகளைக் காட்சிகளில் ஒட்டுவது 'ஒட்டக்கா'வின் வேலை. என்னைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் நான் எல்லோருக்கும் மாமா ஆனது போல அவர் எல்லோருக்கும் அக்கா. ஜன்னல் இல்லாத அறை, டேப் சுற்றிய ஹெட்ஃபோன், கணினியில் 'மாமியார் வர்றா–4', 'கொஞ்சம் அழுகை', 'நிறைய அழுகை' என்று அவரே பெயர் வைத்த துண்டுகள்.

"சினிமாவுக்கு வந்தவங்க இருட்டுல உக்காந்திருக்காங்க மாமா, எங்க போவாங்க? நம்ம சீரியல் பாக்கிறவ அடுப்படியில நிக்கிறா. மியூசிக் காதுல விழுந்தாத்தான் கரண்டியோட ஓடி வருவா. ரேடியோவுல படிக்கட்டு, கதவு, மழை எல்லாமே மியூசிக்தான். கேம்ல ஒரே டியூனை நூறு தடவ கேட்டாலும் பிள்ளை ஃபோனைத் தூக்கி எறியக் கூடாது" என்பார். நாதசாகரத்தின் நாற்பது பேட்டிகளில் இவ்வளவு விஷயம் இருந்ததில்லை.

நான் சாகும் பகுதி ஒளிபரப்பாக இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அதற்கென்று தனியாக அனுப்புவதாகச் சொன்ன சோக இசையை நாதசாகரம் அனுப்பவில்லை. ஏதோ விழாவில் பொன்னாடைக்காகக் காத்திருந்தார். 'நிறைய அழுகை' முதல் பாதியிலேயே செலவாகிவிட்டது. நாதசாகரம் எல்லாவற்றுக்கும் போட்ட மெட்டுகள் கிடக்கும் கிடங்கு முழுவதும் ஒட்டக்கா தேடினார். 'உயிர் போச்சு–2' என்று ஒன்று கிடைத்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைக்க முடியுமா? கேட்டுப் பார்க்க நேரமில்லை. ஒட்டி அனுப்பிவிட்டார்.

அது அந்தக் கைபேசி விளையாட்டைத் தயாரித்தவர்கள் வைத்த பெயர். விளையாட்டில் ஆளுக்கு மூன்று உயிர். ஓடும்போது குழியில் விழுந்தால் ஒன்று போகும். அப்போது வரும் சத்தம் அது.

அன்று வீட்டில் இருவரும் பார்த்தோம். தம்ளர் விழுந்தது. நான் விழுந்தேன். டுய்ங், டுய்ங், டொப்!

என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். துக்கத்தில் அல்ல. நாற்பது வருட நடிப்புக்குக் கடைசி மரியாதை 'டொப்' என்று முடிந்ததே என்று நான் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சேனலில் தொலைபேசி ஓயவில்லை. பேசியவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள். "தாத்தா எப்ப எந்திரிப்பாரு? இன்னும் ரெண்டு உயிர் இருக்குல்ல?" அந்தச் சத்தம் வந்தால் விழுந்த இடத்திலிருந்தே எழுந்து ஓடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். மீதிப் பேர் அந்தப் பிள்ளைகளிடம் விளக்கம் கேட்டு நம்பிவிட்ட தாய்மார்கள்.

யார் ஒட்டியது என்று விசாரணை தொடங்கியது. அதற்குள் நாதசாகரம் பேட்டியே கொடுத்துவிட்டார்: "மரணம் முற்றுப்புள்ளி அல்ல, காற்புள்ளி. அதை மூன்றே ஒலிகளில் சொன்னேன்." இயக்குநரும் தாம் அப்போதே உணர்ந்ததாகச் சொன்னார். டாக்டர் தவறாகப் பார்த்துவிட்டார், மாமனாருக்கு வெறும் மயக்கம் என்று கதையை மாற்றினார்கள்.

ஹெட்ஃபோனுக்குப் புது உறைகள் வாங்கிக்கொண்டு ஒட்டக்காவின் அறைக்குப் போனேன்.

"உங்களாலதாம்மா பொழைச்சேன்."

"ஐயோ, மெதுவாப் பேசுங்க மாமா. அது தப்பா ஒட்டுனது."

"பேரை அவர் தட்டிட்டுப் போயிட்டாரே, கோபம் வரலியா?"

"எதுக்கு? தப்புன்னு சொல்லியிருந்தா நான் இப்ப வீட்டுல இருந்திருப்பேன். தத்துவம்னு சொன்னாரு, நாற்காலியில இருக்கேன். அவர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டேன். நீங்களும் போடுங்க."

போட்டேன். நாதசாகரத்தைப் பார்த்து மனசார நான் கும்பிட்டது அது ஒன்றுதான்.

"ஒண்ணு போச்சு, ரெண்டு இருக்கு" என்றார் ஒட்டக்கா, புது உறைகளை மாட்டிக்கொண்டே. "பாத்துச் செலவு பண்ணுங்க மாமா."

மறுவாரம் கட்டிலில் கண் விழிக்கும் காட்சி. மருமகள் மறுபடி பால் தம்ளரை நீட்டினாள். ஒரு மடக்கு போதும், அழுகையில் முடிக்கலாம் என்றார் இயக்குநர். பால் நன்றாக ஆறியிருந்தது. அவர் 'கட்' சொன்ன பிறகும் நிறுத்தாமல் முழுவதும் குடித்தேன்.