முப்பதே நாளில் பாண்டிச்செல்வி

ஏரிக்குப் பக்கத்து ஓட்டலின் சலவை அறையில் ஈர விரிப்புகளைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது பாண்டிச்செல்விக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. கவுஞ்சியில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற திருமலைச்சாமி இந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"செல்வி, ஒங்க மதினி காட்டுல விழுந்து கெடந்தா. பேச்சு இல்ல. நெத்தி கல்லுல அடிச்சிருச்சு. கொடைக்கானலுக்குத்தான் கொண்டாந்துக்கிட்டிருக்கோம். வெரசா ஆஸ்பத்திரிக்கு வா."

சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. மதினி பொன்னுத்தாய் வியர்வையில் நனைந்து, கண் செருகி, யாரோ மாதிரி இருந்தாள். உள்ளே கொண்டுபோய் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெற்றியில் தையல் போட்டார்கள். மெல்ல மெல்ல மதினிக்கு முகம் திரும்பி வந்தது. "தண்ணி குடு" என்று கேட்டபோதுதான் திருமலைச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டாக்டரம்மா வெளியே வந்தார்.

"சுகர் ரொம்ப இறங்கிப்போயிருக்கு. காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் சாப்பிடலங்க. நாலஞ்சு நாளாவே சோத்தத் தொட மாட்டேங்கிறா. முட்டக்கோசத் திங்கிறேன், முட்டையத் திங்கிறேன்னு திரியிறா. இன்னைக்கு அதுவும் இல்லாம வெள்ளனே காட்டுக்குப் போயிட்டா."

"மாத்திரை?"

"அது மட்டும் தவறாமப் போட்டுருவா."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாப்பாட்டைத் திடீர்னு நிறுத்திட்டு மாத்திரையை மட்டும் அதே அளவு போட்டா இப்படித்தான் ஆகும். உணவை மாத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திரையைக் குறைச்சிருப்போமே. யாரு சொன்னாங்க இவங்களுக்கு இப்படிச் செய்யச் சொல்லி?"

திருமலைச்சாமி தங்கையைப் பார்த்தார். பாண்டிச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் மதினி இப்படிப் பண்ணுனீங்க? யாரு சொன்னா?"

"நீதான சொன்ன?"

"நானா?"

"பழனிக்குப் போயிட்டு வரும்போது பெருமாள்மலை முக்குல பஸ்ஸு நின்னுச்சு. ஒன் போட்டோவத்தான் ஆளுயரத்துக்குப் போட்டிருக்காங்களே. நான் சோறே தொடல, முப்பதே நாள்ல இப்படி ஆயிட்டேன்னு ஒன் பேரப் போட்டு எழுதியிருக்கு. ஒனக்குச் சுகர் கொறஞ்சது எனக்குத் தெரியும். அதான் நானும் செஞ்சு பாப்போம்னு. நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

பாண்டிச்செல்வி கட்டில் ஓரத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சர்க்கரை தொடங்கியிருக்கிறது என்று இதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடுப்பு வலி வேறு. ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி, குனிந்தால் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சோற்றைக் குறைக்க வேண்டும், நடந்தால் மட்டும் போதாது, உடம்புக்குப் பலம் ஏற்றுகிற பயிற்சியும் வேண்டும் என்றார் டாக்டர். ஊரில் பெண்களுக்கென்று காலையில் நேரம் ஒதுக்கியிருந்த ஒரே ஜிம் குகனுடையது. சேர்ந்த முதல் வாரம் வெறும் கம்பியைத் தூக்கவே கை நடுங்கியது. குகனுக்கு முப்பது வயது இருக்கும். அக்கா அக்கா என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். முதுகை வளைக்காமல் தரையிலிருந்து எடையைத் தூக்க அவன் கற்றுக்கொடுத்த பிறகுதான் அவளுடைய இடுப்பு வலியே விட்டது. அந்த நன்றி அவளுக்கு உண்டு.

சோற்றை அவள் ஒரே நாளில் விடவில்லை. இரவுச் சோற்றை முதலில் நிறுத்தினாள். பிறகு காலை இட்லியைக் குறைத்து முட்டை, பட்டர் ஃப்ரூட், வேர்க்கடலை என்று மாறினாள். உருளைக்கிழங்கு போடுகிற வீட்டில் பிறந்தவள் கிழங்கு வேண்டாம் என்றபோது அண்ணன் வீட்டில் முகம் சுளித்தார்கள். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு இன்றைக்கும் உண்டு. சில மாதம் எடை அப்படியே நின்றுவிடும். தலைவலி வந்து எரிந்து விழுவாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்து, டாக்டரிடம் காட்டி, இப்படி மெல்ல மெல்லத்தான் உடம்பு மாறியது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. அதை எவனோ முப்பது நாளாக்கிப் பெருமாள்மலையில் தொங்க விட்டிருக்கிறான். அதைப் படித்துவிட்டு மதினி காட்டில் விழுந்திருக்கிறாள்.

கணவன் செல்லப்பாண்டி ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தார். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். நாளுக்கு நாலு தடவை பெருமாள்மலையைத் தாண்டுகிறவர்.

"பெருமாள்மலையில என் பேனர் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் முழித்தார். "இருக்கு. ஒனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு குகன் சொல்ல வேணாம்னான். சீசன்ல ஒன்னயக் கூட்டிட்டுப் போயிக் காட்டலாம்னு..."

"காட்டுங்க. போனுல எடுத்திருப்பீங்கள்ல?"

எடுத்து வைத்திருந்தார். வலது பக்கம், ஜிம்மில் அவள் எடை தூக்கி நிற்கிற படம். அது 'முதுகு நேரா இருக்கான்னு பாக்குறேன்க்கா' என்று சொல்லிக் குகன் எடுத்தது. இடது பக்கம் இருந்த படத்தைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. கவுஞ்சியில் அண்ணன் பேத்திக்குக் காது குத்தியபோது பந்தியில் எடுத்தது. பச்சைச் சேலை, பிதுங்கிய இடுப்பு, வாய் நிறையச் சோறு, கை இலையில். அந்தப் படம் ஒரே ஒரு ஆளின் போனில்தான் இருந்தது.

"நீங்களா குடுத்தீங்க?"

"அவன் பழைய போட்டோ ஒண்ணு வேணும்னான். எவ்வளவு கஷ்டப்பட்டு மாறியிருக்கன்னு நாலு பேரு பாக்கட்டுமேன்னுதான் குடுத்தேன் புள்ள. பெருமையாத்தான் குடுத்தேன்."

"வாயில சோத்த அடச்சுக்கிட்டு இருக்கிறதத்தான் பெருமையாக் குடுத்தீங்களா? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"செல்வி, ஆஸ்பத்திரி..."

"எனக்குத் தெரியாதா ஆஸ்பத்திரின்னு? உள்ள படுத்திருக்கிறது யாருன்னு போயிப் பாருங்க. ஒங்க பெருமையப் படிச்சுட்டுத்தான் படுத்திருக்கா."

அவள் நிற்கவில்லை. வந்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நேராக ஜிம்முக்கு நடந்தாள். மேட்டு வழி. மூச்சு வாங்கவில்லை.

குகன் கண்ணாடி முன்னால் யாரோ ஒரு கல்லூரிப் பையனுக்குத் தோள் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னக்கா, இந்த நேரத்துல? பேனர் பாத்துட்டீங்களா?"

"எங்க மதினிக்கு நெத்தியில தையல் போட்டிருக்கு. சுகர் மாத்திரையப் போட்டுக்கிட்டு, நான் சோறே தொடலன்னு சொன்னதா நீ எழுதுனதப் படிச்சிட்டுப் பட்டினி கெடந்து விழுந்துட்டாங்க. நான் எப்பச் சொன்னேன் அப்படி?"

குகனின் சிரிப்பு போனது. பையனைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னான்.

"அக்கா, அய்யோ. இப்ப எப்படி இருக்காங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அது மார்க்கெட்டிங்க்கா. எல்லா ஜிம்மிலயும் இப்படித்தான் போடுவாங்க. ஒன்றரை வருஷம்னு போட்டா ஒருத்தன் உள்ள வர மாட்டான். நீங்க மாறுனது நிஜம்தானே? மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டுச் செய்யணும்னு கீழ போட்டிருக்கேன்க்கா. சின்னதா."

"எவ்வளவு சின்னதா?"

அவன் கீழே கிடந்த எடையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"என் சோத்தக் கொறச்சது நான். என் இடுப்பு வலியத் தாங்குனது நான். அந்த ஒன்றரை வருஷத்துல ஒரு நாளாவது முப்பது நாள்ல ஆயிரும்னு எனக்குச் சொல்லியிருக்கியா நீ? அவசரப்படாதீங்கக்கா, அவசரப்படாதீங்கக்கான்னுதான சொன்ன? எனக்கு ஒரு நாயம், ரோட்டுல போற ஜனத்துக்கு ஒரு நாயமா?"

"சீசன் முடியட்டும்க்கா. நானே எடுத்துடறேன். பிரின்ட்டு போட்டு இப்பத்தான்..."

"ஏலே!" என்றாள். இத்தனை நாளில் அவனைத் தம்பி என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் சொன்னதில்லை. "சீசன் முடியுறதுக்குள்ள இன்னும் எத்தன பேரு விழணும்?"

வெளியே வந்தபோது செல்லப்பாண்டி ஜீப்போடு வாசலில் நின்றார். பின்னாலேயே வந்திருக்கிறார்.

"பெருமாள்மலைக்கு விடுங்க," என்று சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவர் பேசிப் பார்த்தார். கோர்ட்டு, பஞ்சாயத்து, போலீஸில் ஒரு மனு எழுதிக் கொடுப்போம் என்றார். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வளைவில் ஒரு பஸ் ஒதுங்க இடம் இல்லாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது. செல்லப்பாண்டி அந்த டிரைவரைக் கண்டபடி திட்டினார். அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

பெருமாள்மலை முக்கில் பழனிக்குப் பிரிகிற ரோட்டோரம் பேனர் நின்றது. போனில் பார்த்ததைவிட அசிங்கமாக இருந்தது. இரண்டு சவுக்குக் கம்புகளை மண்ணில் ஊன்றி, குறுக்குச் சட்டம் வைத்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். டாக்டரைக் கேட்கச் சொல்லும் வரியைத் தேடினாள். டீக்கடையின் தகரச் சாய்ப்புக்குப் பின்னால் பாதி மறைந்து, எறும்பு வரிசை மாதிரி கிடந்தது.

முந்தானையை இழுத்துச் செருகினாள். முதல் கம்பின் அடியில் கிடந்த கற்களைக் காலால் தள்ளினாள். கால்களை அகட்டி நின்று, குனிந்து, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்தாள். முதுகை நேராக்கி மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு தூக்கினாள். முதல் தடவை அசைந்தது. இரண்டாவது தடவை மண்ணைப் பிளந்துகொண்டு கம்பு மேலே வந்தது. பேனர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏம்மா, ஏம்மா! யாரைக் கேட்டுப் பிடுங்குற?" டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார்.

"இதுல இருக்கிறது என் மூஞ்சி. வச்சவன் என்னையக் கேட்டா வச்சான்?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு மூன்று போன்கள் உயர்ந்தன. செல்லப்பாண்டி இறங்கி வந்து அடுத்த கம்பில் கை வைத்தார்.

"தொடாதீங்க," என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த கம்பு ஆழமாக ஊன்றியிருந்தது. உள்ளங்கை உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டி ஆட்டித் தளர்த்தினாள். பின்னால் ஒருத்தர் சத்தமாகவே சொன்னார். "பொம்பளைக்கு இம்புட்டு ஆங்காரம் ஆகாது. போட்டோவுக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்கத் தெரிஞ்சுச்சுல்ல?"

அவள் திரும்புவதற்குள் செல்லப்பாண்டி அந்த ஆளின் முன்னால் போய் நின்றார்.

"அவளக் கேக்காமப் போட்டோவக் குடுத்தவன் நான். அவ புருசன். தப்பு எம்மேல. பேசணும்னா என்கிட்டப் பேசு."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார். பாண்டிச்செல்வி அதைக் கேட்டாள். அதற்காக அவள் கோபம் இறங்கிவிடவில்லை. கம்பைப் பிடித்து இன்னொரு தடவை தூக்கினாள். சட்டம் முழுசாகத் தரையில் விழுந்தது. டீக்கடையிலிருந்து கத்தியை வாங்கி, தன் முகம் இருந்த இரண்டு இடத்தையும் கிழித்தெடுத்தாள். மிச்சத்தைச் சுருட்டி ஜீப்பின் பின்னால் போட்டு, அதைக் குகனின் ஜிம் வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

அதற்குள் அந்த வீடியோ ஊருக்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் குகன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்தன. பாண்டிச்செல்வியைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கக்கா," என்று தொடங்கினான்.

"என்கிட்ட இல்ல. அவங்ககிட்டச் சொல்லு. நீ எழுதுனது பொய்யின்னு சொல்லு."

அவன் கொண்டுவந்ததைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றான். "அம்மா, அக்கா அப்படிச் சொல்லல. நானாத்தான் எழுதுனேன். பொய்தான். அவங்க டாக்டரைக் கேட்டு ஒன்றரை வருஷம் கஷ்டப்பட்டாங்க."

பொன்னுத்தாய் கட்டுப் போட்ட நெற்றியோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி விடுப்பா. வயசுப்பிள்ள. ஒக்காரு," என்றாள்.

பாண்டிச்செல்விக்கு மதினி மேலேயும் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று நினைத்தபடி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அவன் கையிலேயே திணித்தாள். "சுகர்காரங்களுக்கு இதக் கொண்டாந்திருக்க. நீ எல்லாருக்கும் சாப்பாடு சொல்லிக்குடுக்குற ஆளு."

டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், அரிசியைக் குறைப்பதானால் தன்னிடம் வந்து கேட்டுவிட்டு மெல்லக் குறைக்கலாம் என்று பொன்னுத்தாயிடம் இரண்டு தடவை சொல்லி, திரும்ப அவள் வாயாலேயே சொல்ல வைத்துத்தான் அனுப்பினார்.

வீட்டில் பாண்டிச்செல்வி கணவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவராகவே காதுகுத்துப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டு, அழித்த இடத்தைக் காட்டினார். அவள் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜிம்முக்கும் போகவில்லை. சலவை அறையில் ஒரு வாரம் கடந்தபோது இடுப்பில் பழைய வலி மெல்ல எட்டிப் பார்த்தது. அந்தப் பயலுக்காக என் இடுப்பை ஏன் நான் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலையில் போய் நின்றாள்.

பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் கம்பியின் இரண்டு பக்கமும் எடை பிளேட்டுகளை ஏற்றினாள். குகன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"அக்கா, ஒரு வாரம் விட்டிருக்கீங்க. கொஞ்சம் எடையக் கொறச்சுக்கலாமா?"

சரியாகத்தான் சொன்னான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்துக்கு ஒரு பிளேட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"இன்னும் கோவம் போகலையாக்கா?"

"போகல," என்றாள். "நீ தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். பாண்டிச்செல்வி குனிந்து கம்பியைப் பிடித்தாள்.