பெயரைச் சொல்லாதவர்

பூட்டிய வாசலுக்கு வெளியே ஏழு ஆண்கள் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தோம். உள்ளே மணப்பெண்ணுக்கு மருதாணி இடும் விழா. பெண்கள் மட்டும் கூடியிருக்கும் வீட்டுக்குள் வயலினும் கிளாரினெட்டுமாக நுழைய ஸ்ஃபாக்ஸ் நகரில் எந்தக் குழுவுக்கும் துணிச்சல் வராது.

தப்பு எங்களுடையது. ஃபோனை எடுத்த எங்கள் குழுவின் ஷெத்லி, ஆண்கள் விழாவா பெண்கள் விழாவா என்று கேட்கவில்லை. கேட்கும் தேவை இதுவரை வந்ததும் இல்லை. ஊரில் ‘நஹாவந்த்’ என்ற அரபு ராகத்தின் பெயரில் இரண்டு இசைக்குழுக்கள். பெண்கள் கூட்டத்துக்கு மன்னூபியா அக்காவின் குழு, கல்யாண மண்டபத்துக்கு என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வீட்டார் கடல் தாண்டி மார்செய்யிலிருந்து வந்தவர்கள். பெயரை மட்டும் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா பத்தொன்பது வருடமாக அந்தப் பெயரில் வாசிக்கிறார். நான் ஆறு வருடமாக. ஆனால் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்தவன் நான். போன மாதம் வழக்குப் போட்டு, தீர்ப்பு வரும்வரை அவர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடையும் வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை விசாரணை.

“அவங்களையே கூப்பிடுங்கண்ணே,” என்றான் ஷெத்லி.

“வழக்குப் போட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா கூப்பிடறது?”

“ஃபோன்ல மூஞ்சி தெரியாதுண்ணே.”

கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். “எந்தத் தெரு?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் ஒரு வேனில் ஐந்து பெண்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பறைகளின் பக்கவாட்டில் பெயர் இருந்த இடமெல்லாம் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“ஒரு எழுத்தாவது வெளிய தெரியுதா பாரு தம்பி,” என்றார் அக்கா.

தெரியவில்லை. நீதிமன்ற ஆள் எவனும் எட்டிப்பார்க்க முடியாத வீடுகளில் வாசிப்பவர் அவர். அங்கே மீறியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் இடத்தில் இருந்தால் இவ்வளவு நேர்மையாக அந்தத் தடையை நான் மதித்திருப்பேனா என்று யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. மணப்பெண்ணின் தாய்.

“யாரு இவங்க? நாங்க நஹாவந்துக்குத்தான் சொல்லியிருந்தோம். வேற ஆளுங்க வேண்டாம்.”

நாங்கதான் என்று ஒரு வார்த்தை போதும். அக்கா அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலோ சவாலோ இல்லை. நான் தந்தியைச் சுருதி கூட்டி முடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல நின்றார். இத்தனை பேர் முன்னால் அந்தப் பெயர் அவருடையது என்று நான் சொன்னால், திங்கட்கிழமை என் வக்கீலுக்குப் பேச என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால் பறைகள் வேனுக்குள் திரும்பிவிடும்.

“இவங்கதான் நஹாவந்த்,” என்றேன்.

“அப்ப நீங்கல்லாம்?”

ஷெத்லி முந்திக்கொண்டான். “வேன் ஓட்டுறவங்கம்மா.”

“ஏழு பேருமா?”

அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உள்ளே போனார். கதவு மூடியது.

சுவரோரம் உட்கார்ந்தோம். முதலில் ஒரே ஒரு பறை, அவசரமில்லாமல். பிறகு ஐந்தும் சேர, பெண்களின் குலவை சுவரைத் தாண்டி வந்தது. இந்தப் பெயருக்கு ஊரில் மரியாதை எங்கிருந்து வந்தது என்பதை ஆறு வருடத்தில் முதன்முறையாக உட்கார்ந்து கேட்டேன்.

சற்று நேரத்தில் கதவிடுக்கில் ஒரு கை தட்டொன்றை நீட்டியது. பாதாம் இனிப்புகள்.

“நஹாவந்த் டிரைவருங்களுக்கு.”

நான்தான் எழுந்து போய் வாங்கி வந்து உட்கார்ந்தேன். உள்ளே தாளம் மாறியது. மடியிலிருந்த வயலின் பெட்டியின் மேல் என் விரல்கள் அதைப் பின்தொடர்ந்தன, அரை மாத்திரை பிந்தி.