சொல்தா வீட்டு பிளக்

என் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ரிப்பேருக்கு வருகிறவர்கள் சி.பி.யூ. டப்பாவை மட்டும் கொண்டுவர வேண்டும். வயரையெல்லாம் சுருட்டிக்கொண்டு வரக்கூடாது. வந்தால் கடை வயரோடு கலந்துவிடும், அப்புறம் "என் வயரு புதுசா இருந்துச்சே" என்று சண்டை. நெல்லித்தோப்பில் எட்டு வருடமாகக் கடை நடத்தும் அருள்முருகன் என்கிற மேதை, அதாவது நான், யோசித்து யோசித்துப் போட்ட சட்டம் அது. அந்தச் சட்டம் எனக்கு வாங்கிக் கொடுத்த அவமானத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

2006 மே மாதம். முத்தியால்பேட்டையிலிருந்து ஃபிலிப் டப்பாவை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு வயது. அவன் அப்பா ஜில்பேர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊர் பாஷையில் சொல்தா. சொல்தா வீட்டுப் பிள்ளைக்கு எதிர்காலத்தைப் பற்றிய கவலையே கிடையாது. அதை அப்பா எப்போதோ முடிவு செய்து, கையெழுத்துப் போட இடம் விட்டு வைத்திருப்பார்.

ஃபிலிப்புக்கோ பொம்மைப் படம் எடுக்கிற கிறுக்கு. பிரான்சில் ஓர் அனிமேஷன் பள்ளியில் சேர, ஒன்றேகால் நிமிடப் படம் ஒன்றை சிடியில் போட்டு அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமானால் அடுத்த வாரம் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கூரியரில் ஏற்றியாக வேண்டும். ஏற்றவில்லை என்றால் திங்கட்கிழமை பிரெஞ்சு ராணுவத்தில் சேரும் தாளில் கையெழுத்து. இதுதான் அப்பா போட்ட கெடு.

"படம் முடிச்சிட்டேண்ணே. இனிமே கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு ஃபிரேமா வரைஞ்சி முடிக்கணும். நிக்காம நாப்பத்தஞ்சு மணி நேரம் ஓடணும். நடுவுல அணைஞ்சா மொத்தமும் போச்சி, முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஆனா பத்து நிமிஷத்துல பட்டுனு அணைஞ்சிடுது" என்றான்.

திறந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் வியாதியே அதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடச் செய்த சிப்பைப் பையன் மூன்றுக்கு முடுக்கிவிட்டிருந்தான். ஓவர்கிளாக் என்பார்கள். சிப் செய்த கம்பெனியில் அத்தனை பேரும் மடையர்கள், முத்தியால்பேட்டையில் இருக்கிற நான்தான் அறிவாளி என்று நம்புகிறவர்கள் செய்யும் காரியம்.

பவர் சப்ளையைக் கழற்றிக் கையில் எடை பார்த்தேன். ஸ்டிக்கரில் நானூற்றைம்பது வாட். கனமோ அப்பளக் கட்டு கனம். ஸ்டிக்கர் அடிக்கிறவனுக்கு நானூற்றைம்பதும் ஒன்றுதான், நாலாயிரமும் ஒன்றுதான்.

"தம்பி, வாட்ட பாத்து வாங்கக் கூடாது. பன்னெண்டு வோல்ட் லைன்ல எத்தன ஆம்பியர் தருதுன்னு பாக்கணும். சிப்பு சாப்புடறது அதுலதான்" என்று ஒரு பிரசங்கம் செய்து, கனமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். ஃபிலிப் நீல விளக்கு எரிகிற ஃபேன் உள்ளதைக் கேட்டான். விளக்கு வேண்டுமானால் மாதா கோயிலில் ஏற்றிக்கொள் என்றேன்.

கடையில் அவன் படத்தையே ஆறு மணி நேரம் ஓடவிட்டேன். பன்னிரண்டு வோல்ட் வருகிற மஞ்சள் வயரில் மீட்டரை வைத்தால் 12.1 அசையாமல் நின்றது. ராஜாவாகத் திருப்பி அனுப்பினேன். வீட்டுக்குப் போய் அரை மணி நேரத்தில் போன்.

"அணைஞ்சிடுச்சிண்ணே."

மறுபடி டப்பா வந்தது. மறுபடி கடையில் ஓடியது. அதைவிடக் கனமான இன்னொன்றை மாட்டினேன். வீட்டில் பன்னிரண்டு நிமிடம். ஓவர்கிளாக்கைக் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். குறைத்ததும் மூன்று மணி நேரம் ஓடி அணைந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஏன் அணைந்தது என்று கேட்கிற அளவுக்கு எனக்கு அறிவு இல்லை. ஃபிலிப் மட்டும் மெல்லிய குரலில், "கொறைச்சா அம்பத்தாறு மணி நேரம் ஆவும்ணே. சனிக்கிழமைக்குள்ள முடியாது" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அந்த வாரம் முழுக்க ஃபிலிப்தான் கூடம்.

வியாழக்கிழமை மத்தியானம், மீட்டரும் பையுமாக நானே அவன் வீட்டுக்குப் போனேன். உதவி செய்ய என்று சொன்னால் பொய். பையன் முடுக்கிய முடுக்குதான் காரணம் என்பதை அவன் அப்பாவுக்கு முன்னால் நிரூபிக்கப் போனேன்.

ஜில்பேர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் உட்காருவதே அட்டென்ஷனில்தான். "அலோர், இன்னிக்காவது ஓடுமா?" என்று பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். கேள்வியில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. ஓடாவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம்?

பழையபடி முடுக்கிய வேகத்திலேயே படத்தை ஓடவிட்டோம். ஒன்பதாவது நிமிடம் பட்டென்று அணைந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்பு வாசிக்க வாயைத் திறந்தேன். அப்போது, வீட்டு வேலைக்கு வரும் செல்வாம்பாள் கையில் துடைப்பத்தோடு கதவருகில் நின்று, "பீரோவுக்குப் பின்னால இருக்கிற பிளக்க பாத்தியா தம்பி?" என்றாள்.

"எந்த பிளக்கு?"

"அதான் ஆடிக்கிட்டே கெடக்குதே. தொடப்பம் பட்டாலே அணைஞ்சிபூடும். ஒரு தபா தொட்டுப் பாத்தேன், தோசக்கல்லு மாதிரி சுடுது. சொல்லலாம்னா அது பிரான்சு பிளக்காம், கைய வக்கக் கூடாதாம்."

பீரோவை நகர்த்தினோம். அங்கே இருந்தது நான் ஒரு வாரத்துக்கும் மேலாகப் பார்க்கவே பார்க்காத பொருள். டப்பாவை மட்டும் கொண்டுவாருங்கள் என்று நான் சட்டம் போட்டதால் என் கடை வாசலையே மிதிக்காத பொருள்.

ஜில்பேர் ஊர் திரும்பியபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய சாமான் கொண்டுவந்தார். இஸ்திரிப் பெட்டி, காப்பி மெஷின், வயர்கள், எல்லாவற்றுக்கும் பிரான்சின் உருண்டை இரட்டைக் கம்பி பிளக். அந்தக் கம்பி நம்மூர் சுவர்த் துளையைவிட ஒரு நூல் மெலிசு. நுழையும், ஆனால் பிடிக்காது. வெட்டிவிட்டு நம்மூர் பிளக் போட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் வெட்டக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். இரண்டு தடவையும் பவர் சப்ளையோடு நான் கொடுத்தனுப்பிய வயரை, "நூலு மாதிரி இருக்கிற இந்த வயர அவனையே வச்சிக்கச் சொல்லு" என்று அவர் திருப்பி அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிளக் ஆடாமல் இருக்க, பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலு விழா அழைப்பிதழை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் ஓரம் கருகியிருந்தது.

சிப் வேகமாக ஓடினால் அதிகக் கரண்ட் இழுக்கும். அதிகம் இழுத்தால் தொளதொள பிளக் சுடும், விட்டுவிடும். வேகத்தைக் குறைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அவ்வளவுதான். நான் இரண்டு பவர் சப்ளை மாற்றிக் கண்டுபிடிக்காததை ஒரு துடைப்பம் கண்டுபிடித்திருந்தது.

மணி இரண்டு பத்து. "கடைக்குப் போயி வேற வயரு எடுத்தாரேன். போக வர நாப்பது நிமிஷம்" என்றேன்.

ஃபிலிப் விரல் விட்டு எண்ணிவிட்டு உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு அம்பதுக்கு ஆரம்பிச்சா சனிக்கிழம பதினொன்னு அம்பதுக்கு முடியும். அப்பறம் சிடி எழுதணும். கூரியர் மூடிடுவான்ணே."

"வீட்ல வேற வயரு?"

"எல்லாம் இதே பிளக்குதான்."

என் பையில் நம்மூர் மூன்று கம்பி பிளக் ஒன்று கிடந்தது. கட்டரும் இருந்தது. இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். ஜில்பேர் 'நோன்', கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; திங்கட்கிழமை கையெழுத்து அவருக்கு. சொல்லக்கூட வேண்டாம், நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். ஃபிலிப் அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஜில்பேர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். கட்டரை நான் எடுப்பதற்குள் அவரே எடுத்தார். ஒரே வெட்டு. துண்டான பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மாட்டு. மசமசன்னு நிக்காத" என்றார்.

இரண்டு இருபதுக்குப் படம் ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை பத்தரைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சொல்தா அதே நாற்காலியில், வயருக்குப் பக்கத்தில் காவல் இருந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி. நான் அதுவரை அவரைத் தாடியோடு கண்டதில்லை. செல்வாம்பாளுக்கு இரண்டு நாளாக அந்த அறையில் பெருக்க அனுமதி இல்லையாம்.

திரையில் ஒரு கிழட்டுச் சிப்பாய் கடற்கரையில் நின்று, அலைகளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தான். அலைகள் கேட்பதாக இல்லை. அந்த மீசையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் ஜில்பேர். "வியாழக்கிழம சாயங்காலமே தெரிஞ்சிபோச்சி."

"நல்லாத்தான் வந்திருக்குது முசியே" என்றேன்.

"மெடல வலப்பக்கம் குத்தி வச்சிருக்கான், மடையன். எடப்பக்கம் குத்தணும். எந்த ஊரு சொல்தா வலப்பக்கம் குத்துவான்?"

நாற்பது மணி நேரத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ராணுவக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன? "நிறுத்தி சரி பண்ணச் சொல்லவேண்டியதுதானே?" என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். அவர் காலை மட்டும் வயரிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

பதினொன்று இருபதுக்குப் படம் முடிந்தது. சிடி எழுதி, உறையில் போட்டு, ஃபிலிப் வாசலில் ஸ்கூட்டரை உதைத்தபோது பதினொன்று முப்பத்தைந்து. ஜில்பேர் படிக்கட்டுவரை வந்தார்.

"டேய். அங்க போனப்பறம் எவனாவது கேட்டா, எங்கப்பா மெடல எடப்பக்கந்தான் குத்துவாருன்னு சொல்லு."

ஃபிலிப் வண்டியை அணைத்தான். "தப்பா போட்டுட்டேனா பப்பா? மாத்திடட்டுமா?"

"கௌம்புடா" என்றார் சொல்தா. சட்டைப் பைக்குள் அந்த பிளக்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.