எழுபது நொடி

ஜெயப்பிரகாஷின் கருமாதியன்று பந்தலில் இருந்தவர்கள்: அவன் அப்பா ராமசாமி, மனைவி ராதிகா, பதினான்கு வயது மகள் அபிநயா, சித்தப்பா காசிநாதன், கொள்ளி வைத்த காசிநாதன் மகன் அறிவுச்செல்வன், அவன் தலையில் உருமாத் துண்டு கட்ட வந்த தாய்மாமன் அய்யப்பன். பங்காளிகள் நாற்பது பேர். வீடியோ எடுக்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவர்.

அபிநயாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அன்று வாய்கள் அசைந்ததைத்தான் பார்த்தாள். அப்பா காரியத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அம்மாவை விடாமல் கேட்டாள். ராதிகா காதில் இயர்போன் வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். எந்த வரி எந்த நொடியில் வர வேண்டும் என்று குறித்துத் தனி ஃபைலாகத் தட்டச்சு செய்தாள். பத்து நாள் பிடித்தது. ஸ்டுடியோக்காரர் வீடியோவை யூடியூபில் ஏற்றி, அந்த ஃபைலையும் சேர்த்தார். மேளத்தில் பேச்சு சரியாகக் கேட்காததால் சொந்தக்காரர்களும் எழுத்தைப் படித்தே பார்த்தார்கள்.

ராமசாமி பார்க்கவில்லை. மகன் போனதிலிருந்து அவருக்குச் சோறும் தண்ணீரும் ஒரே ருசியாக இருந்தன.

ஒரு வாரம் கழித்துக் கூடத்தில் துணிப்பை ஒன்று நின்றது.

"எங்க?"

"சின்னசேலத்துக்கு, எங்கம்மா வூட்டுக்கு, மாமா. பாப்பா இங்க இருக்க மாட்டேன்னு அழுதுகினு கெடக்குது."

"இன்னாவாம்?"

"'புருசனே போயிட்டான், தாயும் பொண்ணும் இனிமே இந்த வூட்ல எதுக்கு'ன்னு நீங்க சொன்ன மாதிரி வீடியோவுல வருதாம். நீங்க அப்டி சொல்லலன்னு நான் சொன்னா, 'எழுதினதே நீதானே'ன்னு காட்டுறா. நான் மறுபடி பாக்கல, முடியல. நீங்க ஒரு வார்த்த அவகிட்ட சொல்லுங்களேன்."

"சொல்லாதத சொல்லலன்னு நான் சாட்சி சொல்லணுமா? நம்ம வூட்ல எவனும் அப்டி சாட்சி சொன்னதில்ல. போனக் குடு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்தார். மகனுடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதைப் பார்த்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அவர் முகம் வந்தது. வாய் அசைந்தது. கீழே அந்த வரி.

"அறிவுச்செல்வன் தலையில உருமா ஏறிடுச்சே," என்றார். "காசி அந்தப் பேச்சப் பேசினது உருமா கட்டுறதுக்கு முன்னாடி. கட்டினப்புறம் பேசினது நான். அவன் பேச்சு என் வாய்க்கு எப்டிம்மா வந்துச்சி?"

ராதிகா வீடியோவை முதலிலிருந்து ஓட்டினாள். "ஆரம்பத்துல மேளம் வருமே, அதக் காணோம் மாமா!"

ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டாள். "வெறும் மேளம்தானேம்மா, எழுபது நொடி. வெட்டிட்டு ஏத்தினேன்," என்றார். அவள் நேரம் குறித்தது வெட்டாத வீடியோவுக்கு. அதனால் எல்லா வரிகளும் எழுபது நொடி தாமதமாக வந்தன. காசிநாதனுக்கு ராமசாமி சொன்ன பதில், பந்தியில் இலை போடும்போது வந்து போயிருக்கிறது.

மதியத்துக்குள் சரியானது. அபிநயா பார்த்தாள். தாத்தா முகத்துக்குக் கீழே இப்போது இருந்தது: "உருமா உன் மவனுக்கு. வூடு என் மருமவளுக்கும் பேத்திக்கும். இன்னொருவாட்டி இந்தப் பேச்சு வரக் கூடாது."

மூன்று முறை பார்த்துவிட்டுப் பையிலிருந்த துணிகளை எடுத்து பீரோவில் வைத்தாள்.  

"சின்ன மாமா பேசினத எடுத்துடட்டுமா, மாமா?" என்று ராதிகா கேட்டாள். "நம்ம குடும்பந்தானே."

"இருக்கட்டும். பேசினான் இல்ல?"

ராமசாமி ஸ்டுடியோக்காரரைப் பிடித்து வசனத்தை மாற்றி எழுத வைத்துவிட்டார் என்று அவர்கள் ஊரான நைனார்பாளையத்தில் பேசிக்கொள்கிறார்கள். மாற்றவில்லை. ராதிகா எழுதியதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒவ்வொரு வரியும் எழுபது நொடி முன்னால் நகர்ந்தது, அவ்வளவுதான்.