பெயரோடு பாடியது

1986 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. விழுப்புரத்தில் இரவெல்லாம் பெய்த மழை தூறலாக மீந்திருந்தது. இறந்துபோன தாய் வெள்ளையம்மாளின் பாதங்களில் மஞ்சள் பூசி, கட்டைவிரல்களைச் சேர்த்து அம்சவள்ளி கட்டிக்கொண்டிருந்தபோது, திண்டிவனத்துக் கேசட் கடை சவுரிராயன் மாலையோடு வந்து நின்றார்.

வெள்ளையம்மாள் பாட்டுக் கட்டிப் பாடுபவள். சென்ற மாதம் சவுரிராயனுடைய கடையின் பின்னறையில் எட்டுப் பாட்டுகளைப் பதிந்திருந்தாள். நான்கு புதியவை; மற்ற நான்கு பழைய நாடா கெட்டுப்போனதால் மறுபடி பாடியவை. அவற்றுள் கடைசியானது, மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி இறந்த மகன் மாரியப்பனுக்கு அவள் கட்டிய ஒப்பாரி. அதைச் சவுரிராயன் இரண்டு முறை பாடவைத்தார். ஒன்றில் மகனின் பெயர் இருந்தது. மற்றதில் அந்த இடத்தில் 'ராசா'. எதை வெளியிடலாம் என்று எழுதித் தருவதற்குள் அவள் இறந்துவிட்டாள்.

மாலையைச் சாத்திவிட்டு அவர் அம்சவள்ளியிடம் வந்தார்.

"இன்னிக்குக் கேக்கறேன்னு நெனைக்காதம்மா. நாளைக்கு டேப்பு மெட்ராசுக்குப் போவுது, காப்பி எடுக்க. பேரு இருந்தா எந்தச் சாவு வூட்லயும் போட மாட்டாங்க. தெருவுக்கு ஒரு மாரியப்பன் உசுரோட இருக்கான்."

"ராசான்னே இருக்கட்டும் புள்ள," என்றார் தாய்மாமன் விருத்தாசலம். "நாலு ஊர்ல உங்கம்மா கொரலு கேக்கும். பேரை வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

அம்சவள்ளி கால்கட்டின் முடிச்சை இறுக்கினாள். பதிவு முடிந்து திரும்பிய அன்று, கேப்பைக்கூழைத் தொடாமல் தாய் சொல்லியிருந்தாள்: "பஸ்சுல ராசா ராசான்னு பாடிக்கினே வந்தேன்டி. எந்த ராசான்னு எனக்கே தெர்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெண்கள் தோளோடு தோள் சேர்த்து அமர்ந்து, அவள் கட்டிய அதே ஒப்பாரியை எடுத்தார்கள். இறந்தவரின் பெயரை இட்டுப் பாடுவதே வழக்கம்.

"மல்லாட்டை காயுதடி வெள்ளையம்மா – உன்
மம்மட்டி சாஞ்சிருக்கே வெள்ளையம்மா..."

நிலக்கடலையான மல்லாட்டைக்கும் மம்மட்டிக்கும் இசைவாக அடிகள் 'மாரியப்பா' என்று முடிந்தபோது இருந்த மோனை முறிந்தது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒவ்வோர் அடியின் இறுதியிலும் அம்சவள்ளியின் உதடுகள் மட்டும், ஒலியில்லாமல், பழைய பெயருக்காக மூடித் திறந்தன.

சவுரிராயன் தாளையும், கைநாட்டுக்காக ஸ்டாம்பு பேடையும் எடுத்தார்.

"பேனா குடுங்க," என்றாள்.

கொடுத்தார்.

"பேரோடவே போடுங்க."

"யாரு வூட்லயும் போட மாட்டாங்கம்மா."

"போட வேணாம்."

"இன்னா புள்ள நீ..." என்று தொடங்கிய விருத்தாசலம், சடலத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

'பெயரோடு பாடியதையே வெளியிடவும்' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டாள். தாளின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்திருந்தது. முந்தானையால் ஒற்றிப் பார்த்தாள், போகவில்லை. அப்படியே நீட்டினாள்.