புத்தக அட்டி

சணலில் கோத்துக் கட்டிய சீட்டுக் கற்றை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "நூத்தி அறுவத்திரண்டு. எண்ணிக்கிடுங்க லைப்ரரியம்மா" என்று சுமை தூக்கும் மருதையன் சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பழைய கட்டடத்தைப் பெருக்கிப் பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அப்போதுதான் புது நூலகத்துக்குள் கால் வைத்திருந்தேன். வைக்கும்போதே தலை குனிந்துவிட்டது. பழைய நூலகத்தின் வாசல் நிலை அத்தனை தாழ்வு. பதினேழு வருஷம் குனிந்து நுழைந்த கழுத்து, பத்தடி வாசலிலும் தன் பாட்டுக்குக் குனிகிறது. மருதையன் அதைப் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. நான் நிமிர்ந்து சீட்டுகளைப் பிரித்தேன். எல்லாம் என் கையெழுத்து. வரலாறு நான்கு, வேளாண்மை இரண்டு, சிறுகதை பதினொன்று. மூன்று நாளாக உட்கார்ந்து, தட்டுத் தட்டாகப் புத்தகங்களை மூட்டை கட்டி, எடுத்த தட்டிலேயே திரும்ப வைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் நானே கட்டிய சீட்டுகள்.

"இதை ஏண்ணே கழட்டுனீங்க?"

"லோடு எறக்குனா சீட்டைக் கழட்டி எண்ணிக் கையில குடுத்துடணும்ல? நெல்லு கொள்முதல்ல எங்க வழக்கம் அதாங்க. ஒரு சீட்டு கொறஞ்சா ஒரு மூட்டை கொறையுதுன்னு அர்த்தம். ஒண்ணு கொறையல, பாத்துக்குங்க."

அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. நான் அவரைத் தாண்டிக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நடுக்கூடத்தில் கோயில் தேர் நிற்பது போல நின்றது அது. நெல் மூட்டைகளை மழையிலும் காற்றிலும் சரியாதபடி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடுக்குவார்களே, அந்த அட்டி. பன்னிரண்டு வரிசை உயரம். மூட்டைகளின் வாயெல்லாம் உள்பக்கம் திரும்பியிருந்தது. நூல் பிடித்தது போல நான்கு மூலை. மேலே தார்ப்பாய்கூடப் போட்டிருந்தார்கள். கூரையுள்ள கட்டடத்துக்குள் தார்ப்பாய்! என்னுடைய ஒன்பதாயிரத்து எழுநூறு புத்தகங்களும் எது எங்கே என்று தெரியாமல் அதற்குள் இருந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா.

குற்றம் என்னுடையதும்தான். அரிசி மில்லில் இரவல் சாக்கு வாங்கியது நான். குறுவை அறுப்பு வரும்வரை கொள்முதல் நிலையத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டதும் நான். புத்தகத்தைச் சாக்கில் கட்டி நெல் தூக்குகிறவர்கள் தோளில் ஏற்றினால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் அந்த நேரத்தில் இப்படியெல்லாம் நியாயம் தோன்றுமா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊருக்கே தெரியும்.

"அறிவிருக்காண்ணே உங்களுக்கு? எல்லா மூட்டையும் ஒரே சரக்குன்னு நெனச்சீங்களா? நெல்லாண்ணே இது? ஒவ்வொண்ணும் ஒரு எடத்துல போய் நிக்கணும்ணே! பிரிச்சு, பாத்து, வகை பிரிச்சு அடுக்க எனக்கு ஒரு மாசம் ஆகும். நாளைக்குக் காலையில கலெக்டர் வந்து வெறும் பீரோவைப் பாத்துட்டுப் போவாரா?"

கத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை, மூக்குதான் முதலில் ஒழுகும். கலெக்டர்கூடப் பெரிதில்லை. போன வாரம் மாவட்ட அதிகாரி போனில் சொன்னதுதான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. "புதுக் கட்டடம் பெரிசும்மா. சீனியரா ஒருத்தரைப் போடலாம்னு மேல பேச்சு ஓடுது. உங்களை முத்துப்பேட்டைப் பக்கம் மாத்துவாங்க போலிருக்கு. திறப்பு அன்னிக்கு எல்லாம் கச்சிதமா இருந்துச்சுன்னா, இவங்களே இருக்கட்டும்னு நான் எழுதிப் பாக்குறேன்." ஆறு வருஷம் மனு எழுதியவள் நான். வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கைக் காட்டி, தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்து, அஸ்திவாரம் போட்ட அன்று ஒரு கல்லை நானே தூக்கிக் கொடுத்தவள். வடக்குப் பக்கம் வரிசையாக ஏழு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே குறுவைப் பயிர், அதைத் தாண்டி ஊர் வரைக்கும் பச்சை. அந்த வெளிச்சத்தில் என் மேசையைப் போட்டு உட்கார எனக்கு ஆசை. வேறு பெரிய கொள்கையெல்லாம் கிடையாது. உட்கார ஆசை, அவ்வளவுதான்.

மருதையன் என் முன்னால் வந்து குந்தினார். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது.

"இன்னுங் கொஞ்சம் திட்டணும்னாலும் திட்டிக்கிடுங்க. திட்டி முடிச்சுட்டுச் சொல்லுங்க. எந்த மூட்டை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதுமா?"

"ஓகோ. உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

அவர் எழுந்து உள்ளே போனார். தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு அட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஸ்டூலில் ஏறி மேல் மூட்டை ஒன்றின் மீது கையை வைத்தார். "இது நாலாவது நடையில முதல்ல ஏத்துனது. உங்க நாக்காலிக்குப் பின்னாடி மர பீரோ இருந்துச்சுல்ல, அதுல அடித்தட்டு. செவுத்தோரம்."

ராஜ்குமார் என்ற இன்னொருவர் அதை இறக்கி வாயை அவிழ்த்தார். வரலாறு. என் நாற்காலிக்குப் பின்னால், அடித்தட்டு, சுவரோரம்.

குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். பக்கவாட்டில் நடு வரிசையில் ஒன்றைத் தொட்டு, "இது?" என்றேன்.

"ரெண்டாவது நடை. வாசல்ல நொழஞ்சா எடது கை, மூணாவது தட்டு. கெட்டி அட்டை. முதுகுல நாலு எடத்துல குத்துச்சு."

சாக்கில் இருந்த ஓட்டையை விரலால் விலக்கிப் பார்த்தேன். அகராதியின் சிவப்பு அட்டை தெரிந்தது. வேகமாக அடுத்த பக்கம் போய் மூலையில் ஒன்றைக் காட்டினேன். அவர் சற்று யோசித்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது எனக்குத் தெரியாது. ராஜ்குமார் தூக்குனது. ஏய், இது எதுடா?"

ராஜ்குமார் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "சன்னலுக்குக் கீழ, கரையான் வச்ச தட்டுண்ணே. தூக்கறப்பவே மண்ணு கொட்டுச்சு."

வேளாண்மை. கரையான் வைத்த தட்டு வேளாண்மைதான். அதற்குப் பிறகு நான் எதையும் சோதிக்கவில்லை.

"எப்படிண்ணே?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"ஒரே ஒரு ஈர மூட்டை அட்டி நடுவுல போயிட்டா அக்கம்பக்கம் பத்து மூட்டை மொளச்சிடுங்க. எது யாரு களத்து நெல்லு, எது காஞ்சது, எது காயாததுன்னு தெரியாம எப்படி அட்டி போடுறது? எழுதியா வைக்க முடியும்? தோள்ல ஏறுனது மறக்காது." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "அந்தக் கரையான் தட்டுக்குப் பின்னாடி செவுத்துல ஒரு மாடம் இருக்குங்க. செங்கல்ல அடைச்சு வச்சிருக்காங்க. பாத்திருக்கீங்களா?" என்றார்.

நான் பார்த்ததில்லை. பதினேழு வருஷம் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு மாடம் இருப்பது எனக்குத் தெரியாது. இவர் வாழ்நாளில் முதல்முறையாக நேற்றுக் காலை நூலகத்துக்குள் நுழைந்தவர். நுழைந்து, குனிந்து, தூக்கி, வெளியே போய், மறுபடி நுழைந்து, அந்த ஒரு நாளில் என் நூலகம் முழுவதையும் முதுகில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நானோ ஒரு புத்தகம் எங்கே என்று கேட்டால் பதிவேட்டைப் புரட்டுகிறவள். இந்த மனிதரையா அறிவிருக்கா என்று கேட்டேன்? அம்மாடி, எனக்குத் தலை நிமிரவே வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மிஞ்சி ஒரு பிரமிப்பு. முதல்முறை கடலைப் பார்த்தபோது எனக்கு வந்ததே, அந்த மாதிரி.

பதினொரு மணிக்கு அட்டியைப் பிரிக்க ஆரம்பித்தோம். மருதையன் நடுவில் நின்று இடத்தைச் சொல்வார்; தான் தூக்காத மூட்டை என்றால் தூக்கியவரைக் கேட்டுச் சொல்வார். நான் கற்றையிலிருந்து அதற்குரிய சீட்டை எடுத்து மூட்டையில் வைப்பேன். மற்ற ஐந்து பேரும் மூட்டையைப் புது பீரோவுக்குக் கொண்டுபோய் அவிழ்த்து, வந்த வரிசை கலையாமல் அடுக்குவார்கள். "மேற்குச் செவுரு, மேலருந்து ரெண்டு", "மேசைக்கு வலது கை", "சன்னலோரம், ஒழுகுற எடம்." பழைய நூலகம் அவர் வாயிலிருந்து தட்டுத் தட்டாக எழும்பி வந்து புதுக் கட்டடத்தில் நின்றுகொண்டே இருந்தது. இடையில் ஒருவர் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துவிட, இன்னொருவர் "டேய், கொடத்தைக் கவுத்து வைக்காத" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம். சோறு தின்ன அரை மணி நேரம் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். ஜன்னல்களில் மாலை வெயில் சாய்ந்தபோது கூடத்தின் நடுத்தரை காலியாக இருந்தது. சுற்றிலும் சுவர் முழுக்கப் புத்தகம்.

பழைய இடத்தில் அவை இரண்டு வரிசையாக, ஒன்றுக்குப் பின் ஒன்று ஒளிந்துதான் இருந்தன. அத்தனையையும் ஒரே பார்வையில் நான் பார்த்ததே இல்லை. இவ்வளவா இருந்தது என்று நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினேன். மருதையனும் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அதேபோலச் சுற்றிப் பார்த்தார்.

"யாரும் கலைக்காமப் பாத்துக்கிடுங்க."

"கலைப்பாங்கண்ணே. நாளையிலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போவாங்க."

அவர் முகம் மாறியது. "எடுத்துட்டுப் போயி?"

"படிச்சுட்டுத் திரும்பக் கொண்டாந்து குடுப்பாங்க."

"திரும்பவா? எல்லாருமா?"

"அனேகமா எல்லாரும். ரெண்டொருத்தர் ஏமாத்துவாங்க."

"முப்பது வருசமாத் தூக்குறேங்க. எத்தனை லாரி, எத்தனை வேகனு. நான் ஏத்தி அனுப்புன மூட்டை ஒண்ணு திரும்பி வந்து நான் பாத்ததில்ல" என்றார். சொல்லிவிட்டுப் புத்தக வரிசையை முன்னைவிட உற்றுப் பார்த்தார். எல்லோருக்கும் டீ வாங்கி வர நானே போனேன்.

மறுநாள் விழா நன்றாகவே நடந்தது. சென்னையிலிருந்து காணொலியில் திறந்து வைத்தார்கள். கலெக்டர் குத்துவிளக்கு ஏற்றி, பீரோ பீரோவாக நடந்து பார்த்து, "நைஸ்" என்றார். மாவட்ட அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே ராத்திரியில எப்படிம்மா?" என்று கேட்டார். "ராத்திரி இல்ல சார், பகல்லயே முடிஞ்சுது" என்றேன். மருதையனைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் எழுதுறேன்மா. ஆனா என் கையில இல்ல. பத்து நாள்ல ஆர்டர் வந்துரும், பாப்போம்" என்று காரில் ஏறிவிட்டார். அந்தப் 'பாப்போம்' என்னோடு கூடத்துக்குள் வந்து, ஏழு ஜன்னல் வெளிச்சத்திலும் என் மேசை மேல் உட்கார்ந்துகொண்டது.

பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மருதையன் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ரேஷன் கார்டு நகல். உறுப்பினர் படிவத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்தை அவரே போட்டார், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி. ஐந்தாவது வரை படித்திருக்கிறாராம்.

"எது வேணும்னாலும் எடுக்கலாமாங்க?"

"எது வேணும்னாலும்."

நேராகக் கரையான் தட்டின் புத்தகங்கள் போயிருந்த இடத்துக்கு நடந்தார். வரிசையில் விரலை ஓட்டி, வெள்ளாடு வளர்ப்பு பற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தை உருவினார். உருவிய இடத்தில் பக்கத்துப் புத்தகம் சாய்ந்தது. அதைப் பார்த்துச் சங்கடப்பட்டு நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நாளாகும்."

"பதினஞ்சு நாள் வச்சுக்கலாம்ணே."

"பதினஞ்சாம் நாள் காலையில கொண்டாந்துருவேன். உங்க கையிலதான் குடுப்பேன். வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்." அட்டை மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். "இருப்பீங்கல்ல?"

தேதி முத்திரையை எடுத்தேன். பதினேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை உருட்டியிருப்பேன், ஒரு தடவையாவது அந்தத் தேதியில் நான் இங்கே இருப்பேனா என்று யோசித்ததுண்டா? சின்னச் சக்கரத்தைப் பதினைந்து நாள் முன்னே நகர்த்தினேன். மையில் இரண்டு முறை ஒற்றினேன். பிறகு அழுத்தமாகக் குத்தினேன்.

"கொண்டாங்கண்ணே" என்றேன்.

அவர் தேதியை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார். புத்தகத்தைத் துண்டில் சுற்றினார். கையில் பிடித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். தோளில் ஏற்றி, கழுத்தோரம் அணைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வாய்க்கால் கரையில் இரண்டு பக்கமும் பச்சையாக இருந்தது. மதகைத் தாண்டி அவர் தலை மறையும்வரை அந்தக் கை தோளிலிருந்து இறங்கவில்லை.