வெளியில் தெரியாத வயர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் கஸ்பரின் மனைவி கிளடிஸ் அக்கா. போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில், கையில் கேக் துண்டோடு என் மேசைக்கு வந்து அமர்ந்தார்.

"தம்பி, நீங்கள் பேப்பரிலை கதை எழுதுறனீங்களாமே. எங்கடை கஸ்பரின்ரை கார்க் கதையை எழுதுங்கோவன். ஒரு துண்டு வயராலை நானும் பிள்ளையும் மூண்டு வருசம் கொழும்பு லொட்ஜிலை கிடந்தனாங்கள்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என் தட்டிலிருந்த கேக்கை நான் தொடவில்லை. ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் பயம் பிடித்துவிடுகிறது. [இந்தப் பந்தியை வெட்டவேண்டும்.]

2

தொடக்கங்கள்.

(அ) 'டோர்செட் பார்க்கின் மாடிக் கட்டிடங்கள் மேல் பனி—' வேண்டாம். இந்த நகரத்தில் எவன் கதை எழுதினாலும் முதல் வரியில் பனி கொட்டுகிறது.

(ஆ) 'கஸ்பருக்கு வேகமாகக் கார் ஓடப் பிடிக்கும்.' பச்சைப் பொய். கஸ்பர் பயந்த மனிதர். ஸ்காபரோவில் காலை வேலை ஒன்றரை மணிக்கு முடியும். மிசிசாகாவில், விமானச் சரக்குக் கிடங்கில், அடுத்த வேலை மூன்று மணிக்குத் தொடங்கும். இடையில் குளிப்பு, சாப்பாடு, 401 நெடுஞ்சாலை. வேகம் அவருடைய குணமல்ல, அவருடைய நேர அட்டவணை.

(இ) 'தொண்ணூற்றிமூன்று மாசியில், இன்னும் மூன்று தண்டப் புள்ளி விழுந்தால் கஸ்பரின் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் மிசிசாகா வேலை போகும். வேலை போனால், மனைவியையும் மகளையும் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யக் கொடுத்த விண்ணப்பம் படுத்துவிடும்.'

அழகில்லை. ஆனாலும் இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பஃபலோவிலிருந்து வந்த மைத்துனர் ஒருவர் கஸ்பருக்கு ராடார் டிடெக்ரர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.*

* சோப்புக்கட்டி அளவு பெட்டி. வேகம் பிடிக்கும் பொலிஸ் ராடார் முன்னால் எங்காவது இருந்தால் கீச்சிடும். அமெரிக்கப் பக்கத்தில் பரவாயில்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அதைக் காரில் வைத்திருந்தாலே குற்றம், மூன்று புள்ளி. ஆகவே ஒளிக்கவேண்டும்.

ஒளிப்பதற்கு வந்தவன் வினோதன். கஸ்பர் இருந்த அதே கட்டிடத்தில் எட்டாம் மாடி, இருபத்துநான்கு வயது, அகதி விசாரணைக்குக் காத்திருப்பவன். (முதல் பிரதியில் இவனை நல்ல மனம் படைத்தவனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.) கைவேலைக்காரன் என்பதை மட்டும் அடிக்காமல் விடுகிறேன். டாஷ்போட்டில் இருந்த மடு மாதா படத்துக்குப் பின்னால் பெட்டியை ஒட்டினான்.

"மாதாவுக்குப் பின்னாலை கள்ளச் சாமானோடா?" என்றார் கஸ்பர்.

"படம் பிளாஸ்ரிக்தானே அண்ணை. ராடார் உள்ளுக்காலை வரும்."

"நான் அதைக் கேக்கேல்லை."

சிகரெட் லைற்றரில் செருகும் முனையை வெட்டி எறிந்தான். வயரைக் கண்ணாடி ஓரத்து ரப்பருக்குள் நகத்தால் அமுக்கி, டாஷ்போட்டுக்குக் கீழே இறக்கி, ஓட்டுநரின் முழங்காலடியில் இருந்த பியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோனான். கார் ஓடும்போது மட்டும் மின்சாரம் வரும் பியூஸ் ஒன்று வேண்டும். சின்ன பல்ப் ஒன்றைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, சிக்னல் லைற்றின் பியூஸைத் தெரிந்தெடுத்தான். உரித்த வயர் முனையின் செம்பை அதன் காலோடு சேர்த்துச் செருகினான்.

கஸ்பர் குனிந்தும் நிமிர்ந்தும் தேடினார். ஓர் அங்குல வயர்கூடக் கண்ணில் படவில்லை.

"கெட்டிக்காரன்ரா நீ."

வினோதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த செம்புக்குக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்ற மறந்துபோனான்.

4

இரண்டு கிழமை கழித்து, வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி. மிசிசாகாவில் தன் வழக்கறிஞரைப் பார்க்க வினோதனும் காரில் ஏறியிருந்தான். கெனடி ரோட்டில் போகும்போது, படத்தின் ஓரத்தால் கசிந்த பெட்டியின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

"செத்துப்போச்சடா!"

"ஒருக்கால் ஆட்டிப் பாருங்கோ அண்ணை."

இரண்டு பேரும் மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் போட்டுவிட்டுக் கஸ்பர் லேன் மாறினார். சிக்னல் எரியவில்லை. மூடாத செம்பு இரும்பில் முட்டி, இரண்டுக்கும் பொதுவான அந்தப் பியூஸ் எரிந்துபோயிருந்தது. பின்னால் பொலிஸ் கார் விளக்கைப் போட்டது.

பொலிஸ்காரர் நல்ல மனிதர். இந்தக் கதையில் எனக்குள்ள பெரிய கஷ்டம் அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் சுகமாக எழுதியிருப்பேன். சிக்னல் எரியவில்லை, பியூஸாக இருக்கும், இதற்குப் போய்த் தண்ட ரிக்கெற் எழுதுவானேன், நானே பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி ரோர்ச்சோடு குனிந்தார். கஸ்பர் முழங்காலை ஒதுக்கினார்.

வெளிச்சம் பியூஸ் பெட்டியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு விரல் அந்த வயரைப் பிடித்து, ரப்பரிலிருந்து மெல்ல மெல்ல உரித்துக்கொண்டு மேலே போய், மாதா படத்தடியில் நின்றது.

5

முடிவு ஒன்று: படத்தைக் கண்ட பொலிஸ்காரர் சிலுவை போட்டுக்கொண்டு இருவரையும் விட்டுவிடுகிறார். (வெட்கக்கேடு. அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: வினோதன் கதவைத் திறந்து இறங்கி, நான்தான் பூட்டினேன் என்று—

இந்த வாக்கியத்தைப் பதினொரு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அவன் கதவைத் திறக்கிறானில்லை. திறக்க மாட்டான், எனக்குத் தெரியும். வினோதன் நான்தான்.

6

கஸ்பர் அண்ணைக்கு இங்கிலீஷ் ஓடாது. எனக்கு ஓரளவு ஓடும். பொலிஸ்காரர் கேட்டது இதுதான்: "இதைப் பூட்டியது யார்? நீங்கள் இல்லையென்றால் அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கள், உங்களை விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது இப்படிப் பூட்டிக் கொடுக்கும் அந்த ஆள்தான்."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்ன கேக்கிறார் தம்பி?"

என் விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"இது உங்கடையோ எண்டு கேக்கிறார்," என்றேன்.

அண்ணை பொலிஸ்காரரை நிமிர்ந்து பார்த்து, "யெஸ் சார்," என்றார்.

லைசென்ஸ் முப்பது நாளுக்குத்தான் போனது. கிடங்குக்காரர் முப்பது நாள் காத்திருக்கவில்லை. விண்ணப்பம் படுத்தது. என் விசாரணை வென்றது. இப்போது பிக்கரிங்கில் வீடு வைத்திருக்கிறேன்.

கலியாண வீட்டில் கிளடிஸ் அக்கா இன்னொன்றும் சொன்னார். முதற் பகுதியில் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். "உதை ஆர் பூட்டினது எண்டு இவர் இண்டைக்கும் வாய் திறக்கிறாரில்லை. ஆரோ பாவம், சின்னப் பெடியன், விடு எண்டுறார்."

அண்ணை மன்னித்தது நான் பிழையாகப் பூட்டிய வயரை. மற்றது, நான் மாற்றிச் சொன்னது, அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் போதாது, ஆனால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

7

ஆறாம் பகுதியைக் கிழித்துவிட்டு அனுப்பினாலும் கதை ஓடும். கிளடிஸ் அக்கா சிரித்துக்கொண்டே அண்ணைக்கு வாசித்துக் காட்டுவார். ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். அதற்கு முதல், என் இருக்கையில் ஒருக்கால் வந்து இருங்கள். ஹீற்றர் போட்டும் கால் விறைக்கிறது. சட்டைப் பைக்குள் விசாரணைக் கடிதம். பொலிஸ்காரர் கேட்டுவிட்டுப் பொறுமையாக நிற்கிறார், அவசரப்படுத்தவில்லை. கஸ்பர் அண்ணை உங்களை முழுதாக நம்பி, உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"என்ன கேக்கிறார் தம்பி?"